கல்லான பனை: வாசகர் கேள்வி பதில்

மண்ணுக்குள் புதைந்து கல்லாகிப்போன மரங்களில் பனைக் குடும்பத்துத் தண்டுகளுக்குத் தனி மவுசு உண்டு. டெக்சாஸ் அதை 1969இல் தன் மாநிலக் கல்லாகவும், லூசியானா 1976இல் தன் மாநிலப் புதைபடிவமாகவும் அறிவித்தன. அதை அடையாளம் காண்பது, சேகரிப்பது, சுத்தம் செய்வது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் ஓடைச் சரளையில் உடம்பெல்லாம் புள்ளி வைத்த பழுப்புக் கல் ஒன்று கிடைத்தது. பனை என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எப்படி உறுதி செய்வது? (ஹூஸ்டன் வாசகர்)

பனங்கை அறுத்த இடத்தில் அதன் வெட்டுமுகத்தைப் பார்த்திருந்தால் பாதி விடை உங்களிடமே இருக்கிறது. வெளிறிய சோற்றுக்குள் கருத்த புள்ளிகள், ஓரத்தில் நெருக்கமாகவும் நடுவில் கலைந்தும் கிடக்கும். நீளவாக்கில் பிளந்தால் அதே புள்ளிகள் கருநார்களாக ஓடும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு சாற்றுக்குழாய்க் கற்றை. தேக்கிலும் வேம்பிலும் பட்டைக்கு அடியில் ஒரு வளர்படை இருந்து மரத்தைப் பருக்க வைத்துக்கொண்டே இருக்கும். பனைக் குடும்பத்துக்கு அந்த வளர்படை கிடையாது. அதனால் வளையம் இல்லை, நடுவிலிருந்து வெளிப்புறம் ஓடும் ஆரக்கீற்றுகளும் இல்லை. வைரம் வெளியே, சோறு உள்ளே. புறத்தே காழ், அதாவது வைரம், உள்ளதைப் புல் என்றும் அகத்தே காழ் உள்ளதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரித்தது இதே அடிப்படையில்தான். உங்கள் கல்லிலும் அந்தப் பிரிவினையைத்தான் தேடப்போகிறீர்கள்.

முதலில் பல்துலக்கும் பழைய பிரஷால் மண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள். கல் ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். காய்ந்த கல்லில் தெரியாத நிறவேறுபாடு ஈரத்தில் தெரியும். அடுத்து, எந்த முகம் குறுக்குமுகம் என்று கண்டுபிடியுங்கள். புள்ளிகள் ஒரு முகத்தில் வட்டமாகவும், அதற்குச் செங்குத்தான முகத்தில் இணைகோடுகளாகவும், சாய்வாக உடைந்த முகத்தில் நீண்ட துளிகளாகவும் தெரிய வேண்டும். எல்லா முகத்திலும் ஒரே வட்டப்புள்ளிதான் என்றால் அது நார் இல்லை, உருண்டை. அப்படிப்பட்ட கல் பனை ஆகாது. இந்த ஒரு சோதனையிலேயே பெரும்பாலான போலிகள் கழிந்துவிடும்.

பிறகு 10 மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, கல்லை அதன் அருகே கொண்டுவாருங்கள். கெட்டு அழியாத துண்டாக இருந்தால் புள்ளி வெறும் பொட்டாக இராது. பிறை அல்லது சிறுநீரக வடிவில் அடர்த்தியான நார்த்தொப்பி ஒன்றும், அதன் ஒரு பக்கத்தில் ஒன்றோ இரண்டோ அதற்கு மேலோ பெரிய குழாய்த்துளைகளும் தெரியும். இதைப் பார்த்துவிட்டால் சந்தேகம் வேண்டியதில்லை. தண்டின் ஓரப்பகுதியில் நார்த்தொப்பிகள் பெரும்பாலும் வெளிப்பக்கம் நோக்கி இருக்கும். ஆகவே உள்ளங்கை அளவுத் துண்டை வைத்தே, பட்டை எந்தத் திசையில் இருந்தது என்று சொல்லிவிடலாம். புள்ளிகள் நெருங்கிக் கிடந்தால் ஓரத்துத் துண்டு. இடைவெளி அதிகமென்றால் நடுத்துண்டு. இடையிடையே ஒன்றிரண்டு கற்றைகள் படுத்தவாக்கில் குறுக்கே ஓடினால் குழம்ப வேண்டாம். அவை இலைக்குப் போகும் கற்றைகள்.

கடைசியாகக் கடினம். நன்றாகக் கல்லான பனை குவார்ட்ஸ் வகை. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவில் 7க்கு அருகில் இருக்கும். எஃகுக் கத்தி அதைக் கீறாது, தன் உலோகத்தைத்தான் சாம்பல்கோடாக அதன் மேல் விட்டுப்போகும். ஈர விரலால் துடைத்துப் பாருங்கள். கோடு அழிந்தால் அது கத்தியின் உலோகம்; பள்ளம் நின்றால் கல் மென்மையானது. ஒரு சொட்டு வினிகரில் நுரை கிளம்பினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது.

கேள்வி: வளையம் இல்லாத கல்மரம் என்றாலே பனைதானே? (டல்லஸ் வாசகர்)

இல்லை. பருவமாற்றம் குறைவான வெப்பமண்டலத்தில் வளர்ந்த அகன்ற இலை மரங்களிலும் வளையம் தெளிவாக விழாது. அவற்றின் குறுக்குமுகத்திலும் துளைகள் புள்ளியாகத் தெரியும், ஏமாற்றும். வித்தியாசம் ஆரக்கீற்றில்தான். துளைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் ஒரே திசையில் அணிவகுத்துப் போனால் அது பனையில்லை. இன்னொன்று, அந்த மரங்களில் புள்ளி என்பது வெறும் துளை. பனையில் புள்ளி என்பது நாரும் துளையும் சேர்ந்த கற்றை. டெக்சாஸ் ஓடைகளில் இரண்டும் ஒன்றாகவே கிடக்கும். பனையைவிட மற்ற மரத்துண்டுகளே அதிகம் கைக்கு வரும்.

கேள்வி: என்னிடம் இருப்பது தென்னையா, பனையா, ஈச்சையா? (சான் அன்டோனியோ வாசகர்)

தண்டை மட்டும் வைத்து அப்படிச் சொல்வது மிகக் கடினம். இலையும் காயும் இல்லாமல் தண்டு தனியாகக் கிடைப்பதால்தான் ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் பால்மோக்சிலான் என்ற பொதுப்பேரினத்தில் வைக்கிறார்கள். அதற்குள் இனம் பிரிக்கக் கல்லை 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும் சீவலாக்கி, நுண்ணோக்கியில் கற்றையின் அமைப்பை அளக்க வேண்டும். வீட்டுச் சேகரிப்புக்கு ‘பனைக் குடும்பத் தண்டு’ என்று எழுதி வைப்பதே நேர்மை. விற்பவர் ‘தென்னைப் படிவம்’ என்று துல்லியமாகச் சொன்னால், எதை வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள்.

கேள்வி: இணையத்தில் பளபளப்பான துண்டுகள் விற்கிறார்கள். எவற்றோடு ஏமாற வாய்ப்பு? (சிங்கப்பூர் வாசகி)

அதிகம் குழப்புவது ‘கடலைக் கல்மரம்’. மேற்கு ஆஸ்திரேலியாவில் கிடைப்பது. கருத்த கல்லில் வேர்க்கடலை அளவு வெள்ளைப் பொட்டுகள் இருக்கும். கடலில் மிதந்த ஊசியிலை மரத்தைக் கப்பற்புழு துளைத்து, அந்தத் துளைகளில் வெளிர்ச்சேறு நிறைந்து உண்டானது. பொட்டுகள் பனை நாரைவிடப் பல மடங்கு பெரியவை, ஒரே அளவில் இரா, ஒன்றின் மேல் ஒன்று வளைந்து போகும். அருமையான கல்தான், ஆனால் பனை அல்ல.

அடுத்தது பனை வேர். இந்தோனேசியாவிலிருந்து நிறைய வருகிறது. வேர்கள் கட்டுக்கட்டாகக் கல்லாகியிருப்பதால் குறுக்குமுகத்தில் வட்டங்கள் தெரியும். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு வட்டத்துக்கும் தனித்தோல், அதன் நடுவில் தனி மையத்தண்டு, சுற்றிலும் காற்றறைகள் இருக்கும். தண்டின் புள்ளியைவிட வேர்வட்டம் மிகப் பெரியது. இது போலியில்லை, பனையின் வேறு உறுப்பு. ஆனால் தண்டு என்று சொல்லி விற்றால் தவறு.

கல்லான பவளத்தின் வட்டங்களுக்குள் சக்கரக் கம்பிகளைப்போல் தடுப்புகள் இருக்கும். கடல் அல்லி என்னும் கடல்வாழ் உயிரியின் தண்டுகள் நடுவில் துளையுள்ள வட்டுகளாக, பெரும்பாலும் சுண்ணாம்புக் கல்லில் கிடைக்கும், வினிகர் காட்டிக்கொடுக்கும். புள்ளி வைத்த ஜாஸ்பர் என்ற குவார்ட்ஸ் வகைக் கல்லில் நீளவாக்குக் கோடே இராது. ஆகவே வாங்கும் முன் பக்கவாட்டுப் படம் கேளுங்கள். வெட்டுமுகத்தை மட்டும் காட்டும் விளம்பரத்தை நம்பிப் பணம் அனுப்ப வேண்டாம்.

கேள்வி: பைன் காடுகள் நிறைந்த கிழக்கு டெக்சாஸில் பனை எப்படி வந்தது? ஏன் அங்கே மட்டும் இவ்வளவு? (ஆஸ்டின் வாசகர்)

அங்கே மட்டும் இல்லை. ஆனால் அங்கே பாதுகாப்பாக நிலைத்ததற்குக் காரணம் சாம்பல். கிழக்கு டெக்சாஸிலிருந்து லூசியானாவுக்குள் நீளும் கட்டஹூலா பாறையடுக்கு ஒலிகோசீன் காலத்தை, அதாவது 3.4 கோடி முதல் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தை ஒட்டியது. அப்போது மெக்சிகோ வளைகுடாக் கரை இன்றைக்கு இருப்பதைவிட உள்நாட்டில் இருந்தது. தட்பவெப்பமும் கதகதப்பாக இருந்தது. ஆறுகள் கொண்டுவந்த மணலோடும் களியோடும், மேற்கே வெடித்த எரிமலைகளின் சாம்பலும் அந்தச் சமவெளியில் படிந்தது.

எரிமலைச் சாம்பல் என்பது பொடிக்கண்ணாடி. நிலத்தடி நீரில் அது மற்ற மணலைவிட எளிதாகக் கரைந்து, குவார்ட்ஸின் மூலப்பொருளான சிலிக்காவைத் தரும். காற்றுப்புகாத சேற்றில் புதைந்த தண்டு அழுகி முடிப்பதற்குள் இந்த நீர் செல்களுக்குள் ஊறி, சிலிக்காவைப் படியவிட்டுவிடுகிறது. நார் கெட்டி, சோறு மிருது என்பதால் இரண்டும் ஒரே மாதிரி கல்லாவதில்லை. அதனால்தான் புள்ளி வேறு நிறத்திலும் பின்புலம் வேறு நிறத்திலும் நிற்கிறது. சிவப்பு, மஞ்சள், பழுப்பு எல்லாம் இரும்பின் வேலை. கருப்பு பெரும்பாலும் மாங்கனீசு அல்லது எஞ்சிய கரி.

சில துண்டுகளில் சோறு முழுக்கக் கரைந்துபோய் நார்கள் மட்டும் ஊசிக்கட்டாக நிற்கும். சிலவற்றில் நேர்மாறாக, நார் போய்த் துளைகள் மட்டும் இருக்கும். இரண்டாவது வகையைப் பலர் எரிமலைக் கல் என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். துளைகள் ஒன்றுக்கொன்று இணையாக நீள ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

கேள்வி: தேடப் போகிறோம். எங்கே, எப்போது, என்னென்ன எடுத்துப்போக வேண்டும்? சட்டச் சிக்கல் உண்டா? (ஹூஸ்டன் வாசகி)

சட்டத்திலிருந்தே தொடங்குகிறோம், ஏனென்றால் அதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். டெக்சாஸில் நிலத்தின் பெரும்பகுதி தனியாருடையது. உரிமையாளரிடம் அனுமதி வாங்குங்கள். ஒரு குறுஞ்செய்தியாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். எந்த நாள், எந்தப் பகுதி, எவ்வளவு எடுக்கலாம், குழி தோண்டலாமா என்று நான்கையும் கேட்டுவிடுங்கள். மரத்திலோ கம்பத்திலோ நெட்டுவாக்கில் ஊதாநிறப் பூச்சுக்கோடு இருந்தால் ‘உள்ளே வராதே’ என்று சட்டப்படி பொருள். பலகை வைத்திருக்க வேண்டும் என்பதில்லை. படகு செல்லத்தக்க ஆறுகளின் படுகை மாநிலத்துக்குச் சொந்தம் என்பதால், பாலத்தடியில் இறங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். மாநிலப் பூங்காக்களில் எதையும் எடுக்கக் கூடாது. தேசிய வனங்களில் அந்தந்த ரேஞ்சர் அலுவலகம் சொல்வதே விதி.

ஒரு நாளைக்கு 25 பவுண்டும் கூடவே ஒரு துண்டும், ஆண்டுக்கு 250 பவுண்டு வரை என்று அடிக்கடி கேள்விப்படும் கணக்கு, நில மேலாண்மைப் பணியகத்தின் கீழுள்ள கூட்டரசு நிலங்களுக்கானது. அவை பெரும்பாலும் மேற்கு மாநிலங்களில் இருக்கின்றன. அங்கும் சொந்தச் சேகரிப்புக்குத்தான் இலவசம், விற்கக் கூடாது. இந்தக் கணக்கைக் கிழக்கு டெக்சாஸில் யாரிடமும் காட்டிப் பயனில்லை. அரிசோனாவின் கல்மரத் தேசியப் பூங்காவில் ஒரு சில்லுகூட எடுப்பது குற்றம். அங்கிருப்பவை 20 கோடி ஆண்டுக்கும் முந்தைய ஊசியிலை மரங்கள். பனை தேடிப் போகும் இடமே அல்ல.

பெருமழை பெய்து வெள்ளம் வடிந்த மறுவாரம் நல்ல தருணம். சரளைத் திட்டுகள் புரண்டு, கல்லெல்லாம் கழுவிக் கிடக்கும். வெயில் சாய்ந்த காலையிலும் மாலையிலும் நார்க்கோட்டின் மேடுபள்ளம் நிழல்விட்டுத் தெரியும். உச்சிவெயிலில் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி. உழுத வயலும் புதிதாக வெட்டிய மண்சரிவும் பார்க்க வேண்டியவை. மண்சரிவின் அடியைக் குடைந்து தோண்டாதீர்கள், மேல்மண் சரியும்.

தண்ணீர் தெளிப்புப் புட்டி, லென்ஸ், எஃகு ஆணி, கெட்டித்துணிப் பை, பழைய செய்தித்தாள், அழியாத மார்க்கர் பேனா போதும். சுத்தியல் வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. குவார்ட்ஸ் கண்ணாடியைப்போல் சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்கும் ஆபத்து, நல்ல துண்டும் பாழ். வேறு வழியின்றி அடிக்க நேர்ந்தால் கண்காப்புக் கண்ணாடி கட்டாயம். கணுக்கால் மூடிய காலணி போடுங்கள். நெருப்பெறும்பும் ஓடைக்கரைப் பாம்பும் அங்கே சாதாரணம். புரட்டும் கல்லை உங்கள் பக்கமாகத் தூக்குங்கள், அடியில் இருப்பது எதிர்ப்பக்கம் ஓடும். மான்வேட்டைக் காலத்தில் ஆரஞ்சு நிறச் சட்டை போடாமல் காட்டுக்குள் போகாதீர்கள்.

கேள்வி: கல்மேல் துருக்கறை கெட்டியாகப் படிந்திருக்கிறது. ஆக்சாலிக் அமிலத்தில் ஊறவைத்தேன். கறை போனது, ஆனால் வெள்ளையாக ஏதோ ஒட்டிக்கொண்டது. (ஷ்ரீவ்போர்ட் வாசகர்)

அந்த வெள்ளை, கால்சியம் ஆக்சலேட். குழாய்நீரில் உள்ள சுண்ணாம்போ, கல்லின் இடுக்கில் உள்ள சுண்ணாம்போ அமிலத்தோடு சேர்ந்து படிந்தது. கரைவது கடினம், கெட்டி நைலான் பிரஷால் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் ஒரு நாள் ஊறவைத்துத் தேய்த்து மண்ணை முழுக்க எடுங்கள். களிமண் இருந்தால் அமிலம் அதிலேயே வீணாகும். வினிகர் சோதனையில் நுரை வந்த கல்லை ஆக்சாலிக்கில் போடவே வேண்டாம். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் காய்ச்சி வடித்த நீர் எடுத்து, லிட்டருக்கு 25 முதல் 30 கிராம் அமிலத்தூளைப் போட்டுக் கலக்குங்கள். தண்ணீரில் தூளைப் போட வேண்டும், தூளின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. தூள் மூச்சில் ஏறாதபடி முகக்கவசம், கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். இது நச்சு, குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வாளி இருக்கட்டும். அடுப்பில் வைத்துச் சூடாக்குவது கூடாது; ஆவி நுரையீரலைக் கெடுக்கும்.

நாளுக்கொரு முறை எடுத்துப் பாருங்கள். ஒன்று முதல் மூன்று நாளில் மேற்கறை போய்விடும். அதோடு நிறுத்துங்கள். மேலும் ஊறினால் கல்லுக்கு அழகு தரும் உட்சிவப்பும் வெளுக்கத் தொடங்கும், ஏனென்றால் அதுவும் இரும்புதான். பிறகு எத்தனை நாள் அமிலத்தில் இருந்ததோ அத்தனை நாளாவது நல்ல தண்ணீரில், தினமும் நீர் மாற்றி வையுங்கள். துளையுள்ள பனைக்கல் அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அவசரப்பட்டுக் காயவைத்தால் சில வாரத்தில் மஞ்சள் பூக்கும். மீந்த அமிலநீரில் நுரை அடங்கும்வரை சமையல் சோடாவைச் சேர்த்து, பிறகு உள்ளூர்க் கழிவு விதிப்படி அப்புறப்படுத்துங்கள்.

கேள்வி: பாலிஷ் போடும்போது புள்ளிகள் மட்டும் குழிந்துவிடுகின்றன. பனைக்கல்லுக்கு இது இயல்பா? (கோவை வாசகர்)

இயல்பு, ஆனால் குறைக்கலாம். நாரும் பின்புலமும் ஒரே மாதிரி கல்லாவதில்லை என்று மேலே சொன்னோம். அதனால் இரண்டின் கடினமும் வேறுபடும். மென்மையானது முதலில் தேயும். அழுத்திப் பிடித்தால் குழி இன்னும் ஆழமாகும். 220 எண் கரடுச் சக்கரத்துக்குப் பிறகு (எண் கூடக்கூடத் தூள் நுண்மையாகும்) மெத்தையுள்ள ரெசின் வைரச் சக்கரத்துக்கு மாறி, அழுத்தம் குறைத்து, தண்ணீர் தாராளமாக விடுங்கள். ஒவ்வொரு படியிலும் கல்லைக் காயவைத்து, சாய்ந்த வெளிச்சத்தில் முந்தைய கீறல் போய்விட்டதா என்று பார்த்த பிறகே அடுத்த படி. கடைசிப் பளபளப்புக்கு ஃபெல்ட் துணியில் சீரியம் ஆக்சைடு பாலிஷ் தூள்.

உருட்டு இயந்திரம் என்றால் பீப்பாயில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல், நான்கில் மூன்று பங்குக்கு மேற்படாமல் கல் நிரப்புங்கள். சிலிக்கன் கார்பைடு 60/90 தூளில் ஒரு வாரம், தேவைப்பட்டால் இன்னொரு வாரம். பிறகு 120/220, 500, பாலிஷ் தூள் என்று படிக்கு ஒரு வாரம். முந்தைய தூளின் ஒரு துகள் மிச்சமிருந்தாலும் பாலிஷ் கெடும். பனைக்கல்லின் துளைகளில் தூள் அடைந்துகொள்ளும் என்பதால் படிகளுக்கு நடுவில் சோப்புநீரில் சில மணி நேரம் ஓடவிட்டுக் கழுவுங்கள். அரைத்த சேற்றைச் சாக்கடைக் குழாயில் ஊற்றாதீர்கள், இறுகி அடைத்துவிடும்.

அறுப்பதற்கு முன் எந்த முகம் வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். நாருக்குச் செங்குத்தாக அறுத்தால் புள்ளி, இணையாக அறுத்தால் கோடு, சாய்த்து அறுத்தால் மழைத்துளி வடிவம். எதுவானாலும் ஈரமாகவே அறுங்கள். உலர்ந்த சிலிக்காத் தூசு நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் வரும், அதற்கு முழுக்குணம் கிடையாது. எண்ணெய் ஊற்றும் வாளில் பனைக்கல்லை அறுப்பதைத் தவிருங்கள். துளைகள் எண்ணெயைக் குடித்து நிறம் இருண்டுவிடும்.

லூசியானாத் துண்டுகளில் சில, நீர் கலந்த சிலிக்காவான ஓபலாகியிருக்கும். கைக்கு இலேசாகவும், கத்திக்குச் சற்று இளகியும் இருக்கும். அவற்றை வெயிலில் உலர்த்தினால் நீர் இழந்து மேற்பரப்பில் நுண்விரிசல் ஓடும். நிழலில், மெதுவாகக் காயட்டும்.

கேள்வி: திருவக்கரையில் கல்மரத்துண்டுகள் வெளியே வயலிலும் கிடக்கின்றன. ஒன்று எடுத்துக்கொள்ளலாமா? அங்கே பனை உண்டா? (விழுப்புரம் வாசகர்)

எடுக்க வேண்டாம். திருவக்கரை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள, ஏறத்தாழ 18 மீட்டர் நீளக் கல்மரமும் அப்படியே. வேலிக்கு வெளியே கிடக்கும் துண்டும் அதே பாறையடுக்கின் சான்றுதான். படம் எடுத்து, அருகில் ஒரு நாணயமோ அளவுகோலோ வைத்து, இடத்தைக் குறித்துத் துறைக்குத் தெரிவியுங்கள்.

திருவக்கரை மரங்கள் கடலூர் மணற்கல்லில் புதைந்தவை. அந்த மணற்கல்லிலிருந்து பால்மோக்சிலான் தண்டுகளும் விவரிக்கப்பட்டுள்ளன, ஆனால் பூங்காவில் கண்ணில் படும் பெருந்தண்டுகள் பெரும்பாலும் அகன்ற இலை மரங்கள். சாத்தனூர் மரமோ ஊசியிலை வகை. இந்தியாவில் கல்லான பனையை நன்றாகப் பார்க்க விரும்பினால் மத்தியப் பிரதேசத்தின் திண்டோரி மாவட்டத்துக் குகுவா புதைபடிவத் தேசியப் பூங்காவுக்குப் போங்கள். தக்காண எரிமலைக் குழம்பு அடுக்குகளுக்கு இடையே, சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த பனைத்தண்டுகள் அங்கே உள்ளன. லென்ஸை எடுத்துப் போங்கள். பையைக் காலியாகவே திரும்பக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: சேர்த்த கற்களை எப்படிக் குறித்து வைப்பது? (டொராண்டோ வாசகர்)

கிடைத்த அன்றே. கல்லின் அழகில்லாத பக்கத்தில் நிறமற்ற நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து, காய்ந்ததும் மெல்லிய பேனாவால் எண் எழுதி, மேலே இன்னொரு சொட்டு மூடுங்கள். அதே எண்ணில் ஏட்டில் மாவட்டம், ஓடையின் பெயர், ஜிபிஎஸ் எண்கள், தேதி, அனுமதி தந்தவர், சரளையில் கிடைத்ததா பாறையடுக்கிலேயே பதிந்திருந்ததா என்பதை எழுதுங்கள். கடைசி விவரம் முக்கியம், ஏனென்றால் சரளைக்கல் ஆற்றோடு எங்கிருந்தும் வந்திருக்கலாம். அடுக்கில் பதிந்த துண்டுக்குத்தான் அந்த அடுக்கை வைத்து வயது சொல்ல முடியும். கல்லை உடைத்தோ அறுத்தோ துண்டாக்கினால் ஒவ்வொரு துண்டுக்கும் அதே எண்ணோடு அ, ஆ, இ சேர்த்து எழுதுங்கள்; விற்றாலும் கொடுத்தாலும் சீட்டின் நகல் கல்லோடு போகட்டும்.